சிரிப்புக்குக் காவல்

அறுபத்து நாலாம் வருஷம் தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். கந்தம்மாளின் மகள் சௌந்திரம் ஒருத்தியாகவே களம் முழுவதையும் பரப்பிவிட்டாள் என்று புதுச்சத்திரத்து ஜவ்வரிசி மில்லில் ஒரே பேச்சாக இருந்தது.

நேரில் பார்க்காதவர்கள் நம்பவில்லை. வறுத்த ஜவ்வரிசியைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து சிமெண்டுக் களத்தில் கொட்ட வேண்டும். பிறகு மரப்பலகையால் இழுத்து விரல் கனத்துக்குப் பரப்ப வேண்டும். ஆறு பெண்கள் பொழுது கிளம்பும்போது ஆரம்பித்தால் வெயில் ஏறுகிற நேரத்தில் முடியும். அன்றைக்கு அந்த ஆறு பேரும் சோற்றுத் தூக்குப்போசிகளோடு வந்து சேர்ந்தபோது களம் பால் ஊற்றினதுபோல் வெள்ளையாகக் கிடந்தது. நடுவில் சௌந்திரம் பாவாடையைத் தூக்கிச் செருகி, பலகைக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள்.

"பெருமாயக்கா! வாங்க வாங்க! உங்களுக்கெல்லாம் இன்னிக்கு வேலையே இல்ல. நெழல்ல உக்காந்து பேசிட்டு இருங்க!"

பெருமாயி வாயில் கை வைத்தாள். "அட கெரகமே! எப்பப் புள்ள வந்தே?"

"கோழி கூப்பிடறதுக்கு முந்தியே வந்துட்டனுங்க. கோழியை நாந்தான் எழுப்பி உட்டேன்!"

ஆறு பேரும் சிரித்தார்கள். சௌந்திரத்துக்குப் பதினாறு வயது. பத்தாவது படித்தாள். அந்தத் தெருவில் ஹைஸ்கூல் வரைக்கும் போன பெண் அவள் ஒருத்திதான். அவள் அப்பன் தீர்த்தகிரிக்கு மில்லில் வறுப்புச் சட்டியில் வேலை. அடியில் விறகு எரிய, எண்ணெய் தடவிய பெரிய சட்டியில் ஈர ஜவ்வரிசியைப் போட்டுப் பொழுதுக்கும் கிண்டுவார். அம்மா கந்தம்மாள் ஜவ்வரிசி ஆகப்போகிற குச்சிக்கிழங்குக்குத் தோல் உரிப்பவள். ஒரே பிள்ளை. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் சௌந்திரமும் களத்துக்கு வருவாள். பேசாமல் வருவாள், பேசாமல் போவாள். அதுதான் எல்லோருக்கும் தெரிந்த சௌந்திரம்.

இப்போது வந்தவள் வேறு ஆள். களத்துப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்தாள். கூடை தூக்கும்போதே பாட்டுக் கட்டினாள். மில்லுக்காரர் வெள்ளியங்கிரியின் நடையை அவர் முதுகுக்குப் பின்னாலேயே நடந்து காட்டினாள். அவர் திரும்பிப் பார்த்து அவரும் சிரித்துவிட்டார்.

"தீர்த்தகிரி, உம்புள்ள மாதிரி நாலு பேரு இருந்தா நான் இன்னொரு களம் போட்டிருவனப்பா" என்றார்.

சட்டிப் புகைக்குள் கண் சிவந்து நின்ற தீர்த்தகிரிக்குப் பெருமை தாங்கவில்லை. "எல்லாம் உங்க புண்ணியமுங்க" என்று சொல்லிவிட்டுக் கரண்டியை இரண்டு சுற்று வேகமாகச் சுழற்றினார்.

கந்தம்மாளுக்குத்தான் எல்லாரையும்விடச் சந்தோஷம். அதற்குக் காரணம் உண்டு. ஐப்பசி முழுக்க அவள் மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலை சீவவில்லை. கேட்டால், "ஒண்ணுமில்லம்மா" என்பாள். கண்ணில் நீர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். வயசுப் பிள்ளைக்கு ஏதோ மனக்குறை, தானாகச் சரியாகும் என்று கந்தம்மாள் மஞ்சள் அரைத்துப் போட்டாள், கருப்பட்டி வாங்கிக் கொடுத்தாள். கார்த்திகையில் எழுந்து பள்ளிக்கூடம் போனாள். மார்கழியில் முகம் தெளிந்தது. தையில் இப்படி ஓடுகிறாள். பிள்ளை மீண்டுவிட்டது என்று கந்தம்மாள் குலதெய்வத்துக்குத் தேங்காய் முடிந்து வைத்திருந்தாள்.

பள்ளிக்கூடத்துக்கு இன்னும் பொங்கல் லீவு. களம் அந்த வாரம் திருவிழாப்போல் இருந்தது. வழக்கமாக மத்தியானத்துக்கு மேல் வெயில் தலையைப் பிளக்கும்போது பெண்கள் முகம் சுண்டிப்போகும். அந்த வாரம் சுண்டவில்லை. அவரவர் கொண்டுவந்த கம்மஞ்சோற்றையும் புளிச்ச கீரையையும் சௌந்திரம் ஒரே வட்டலில் கொட்டிப் பிசைந்து, எல்லார் வாயிலும் ஒவ்வொரு உருண்டை வைத்தாள்.

"கல்லாணமாகி வந்த நாள்ல இருந்து நான் இப்படிச் சிரிச்சதில்ல சாமி" என்றாள் பெருமாயி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

எல்லார் வாயிலும் வைத்தவள் தன் வாயில் ஒரு பருக்கை வைக்கவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

கந்தம்மாள் கவனித்தது பாயைத்தான். நாலாவது நாள் காலையில் பாய் முந்தின நாள் சுருட்டி வைத்தபடியே மூலையில் நின்றது. ஐந்தாவது நாளும் அப்படியே.

"ஏம்புள்ள, நீ தூங்கவே இல்லையா?"

"தூக்கம் எதுக்கம்மா? பாதி ஆயுசை மனுசங்க தூங்கியே தொலைச்சுப் போடறாங்க. எனக்கு நெறைய வேலை இருக்குது. களத்துக்குப் புதுசா ஒரு பலகை செய்யப் போறேன், நாலு பலகை ஒண்ணா இழுக்கற மாதிரி. பொறவு பெருமாயக்காளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தாரேன், பொறவு காவேரித் தண்ணியை இங்க கொண்டாரதுக்கு ஒரு வழி இருக்குது, கேளு…"

"சித்தெ நில்லு சாமி. மொதல்ல இந்தக் களியைத் தின்னு."

"வாயில வெச்சுட்டா எப்படிப் பேசறது?" என்று சிரித்தாள். பேச்சு காவேரியிலிருந்து ரயிலுக்குப் போனது, ரயிலிலிருந்து நிலாவுக்கு. கந்தம்மாள் கையில் களி உருண்டை ஆறிப்போனது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனவள் மத்தியானமே திரும்பி வந்தாள். கூடவே பள்ளிக்கூடத்துப் பியூனும் வந்தார். கணக்கு வாத்தியாரை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு இவளே கரும்பலகையில் பாடம் எடுத்திருக்கிறாள். பிள்ளைகள் கை தட்டியிருக்கிறார்கள். வாத்தியாரும் கொஞ்ச நேரம் வேடிக்கையாகத்தான் பார்த்திருக்கிறார். ஆனால் ஒரு மணி நேரமாகியும் அவள் நிறுத்தவில்லை. நிறுத்தச் சொன்னபோது சாக்பீஸை எறிந்துவிட்டு அழுதிருக்கிறாள், அழுதுகொண்டே சிரித்திருக்கிறாள்.

"பெரிய வாத்தியாரு ஒரு வாரம் ஊட்டுல வெச்சுப் பாத்துக்கச் சொன்னாருங்க" என்றார் பியூன். "நல்ல புள்ளைங்க. என்னமோ காச்சல் மாதிரி இருக்குதுங்க."

கந்தம்மாள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. அப்போதுதான் காலைப் பார்த்தாள்.

"கொலுசு எங்கடி?"

"வழியில ஒரு சின்னப்புள்ள கேட்டுது. அதும் காலுக்கு அழகா இருந்துதம்மா!"

எட்டாவது நாள் களத்தில் காலை வேலை முடிந்திருந்தது. சௌந்திரம் ஒரு கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க! இன்னிக்கு நாம சேலம் போறோம். செவ்வாய்ப்பேட்டையில ஆளுக்கொரு சீலை எடுக்கறோம். பெருமாயக்காளுக்குப் பச்சை. அம்மாவுக்கு மாம்பழக் கலரு. மில்லு ஒரு நாளைக்கு ஓடாட்டி என்ன? உங்க ஆயுசுல ஒரு நாளு உங்களுக்கு வேண்டாமா?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். "போலாம் போலாம், வண்டியைப் பூட்டு!" என்று ஒருத்தி சொன்னாள். விளையாட்டுக்குச் சொன்னதுதான்.

"வண்டி எதுக்கு? பஸ்ஸே வருது பாரு!"

களத்துக்கு அந்தப்பக்கம் ரோடு. நாமக்கல்லில் இருந்து சேலம் போகிற பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு வருவது தெரிந்தது. சௌந்திரம் குதித்து ஓடினாள். பரப்பின ஜவ்வரிசியின்மேலேயே ஓடினாள். அவள் கால் பட்ட இடமெல்லாம் வெள்ளையில் கறுப்புத் தடம் விழுந்தது. பெண்கள் சிரித்துக்கொண்டே பார்த்தார்கள். அவள் ரோட்டின் நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்ற பிறகுதான் சிரிப்பு நின்றது.

"ஐயோ புள்ள!" என்று பெருமாயி போட்ட சத்தம் வறுப்புச் சாலைவரை கேட்டது.

பஸ் ஆரன் அடித்தது. அவள் நகரவில்லை. முகம் முழுக்கச் சிரிப்பு. பஸ் கிறீச்சென்று கத்திக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, ரோட்டோரப் புளியமரத்தின் கிளைகளை உரசி, அவளுக்கு ஒரு பாகத் தூரத்தில், இரண்டு கை விரித்த நீளத்தில் நின்றது. உள்ளே ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். ஒரு கோழிக்கூடை உருண்டு வந்து கதவு வழியாக வெளியே விழுந்தது.

டிரைவர் இறங்கினார். கோபத்தில் வந்தவர் அவள் முகத்தைப் பார்த்ததும் ஓங்கின கையை இறக்கிவிட்டார்.

"அண்ணா, நல்ல நேரத்துக்கு வந்தீங்க!" என்றாள் சௌந்திரம். "இருபது பேரு இருக்கறோம். எல்லாத்துக்கும் எடம் போடுங்க!"

தீர்த்தகிரி கையெல்லாம் மாவோடு ஓடி வந்தார். அவர் பிடித்ததும் அவள் திமிறினாள். பதினாறு வயசுப் பெண்ணின் பலமில்லை அது. அப்பன் முகத்தில் அறைந்தாள், கடித்தாள். நாலு பேர் சேர்ந்து பிடித்தார்கள். "உடுங்க! எனக்கு வேலை இருக்குது! என்னிய உடுங்க!" என்று கத்தியவள் சட்டென்று அழ ஆரம்பித்தாள். களத்துப் பெண்கள் ரோட்டோரம் நின்றார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"நாமளும் சேந்துதானே சிரிச்சோம்" என்றாள் பெருமாயி மெதுவாக.

கந்தம்மாளின் அண்ணன் சடையன் விஷயம் கேள்விப்பட்டு மாட்டு வண்டியோடு வந்து சேர்ந்தார். சௌந்திரத்தைத் தன் மகனுக்கு என்று பேசி வைத்திருந்தவர்.

"ஆசுபத்திரி அது இதுன்னு போயிராதீங்க" என்றார். "ஊருக்குத் தெரிஞ்சா புள்ள வாழ்க்கை போச்சு. காத்துச் சேட்டைதான். கரட்டடிப் பூசாரிகிட்டப் போலாம். கட்டி வெச்சு நாலு அடி அடிச்சா எறங்கிரும்."

"அடிக்கறதா?" என்றாள் கந்தம்மாள்.

"புள்ளையையா அடிக்கறோம்? அதும் மேல இருக்கறதைத்தான அடிக்கறோம்."

துண்டால் கையைக் கட்டி வண்டியில் ஏற்றினார்கள். வழி நெடுக அவள் மாடுகளோடு பேசிக்கொண்டு வந்தாள். அவற்றுக்கும் பெயர் வைத்தாள்.

கரட்டடிப் பூசாரி ஒல்லியான மனுஷன். வேப்பிலையும் பிரம்பும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சடையன் விவரம் சொல்லச் சொல்ல அவர் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவருடைய ருத்திராட்சத்தை ஒன்று இரண்டு என்று எண்ணி, நடுவில் விட்டு, அவர் மூக்கைப் பற்றிப் பாட்டுப் பாடினாள்.

"எத்தன நாளாத் தூங்கல?"

"எட்டு நாளுங்க" என்றாள் கந்தம்மாள்.

"இதுக்கு முந்தி எப்பவாச்சும் பேசாமக் கொள்ளாமப் படுத்துக் கெடந்துதா?"

கந்தம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். "ஐப்பசி பூராமுங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பூசாரி பிரம்பைக் கீழே வைத்தார். "கட்டை அவுத்து உடுங்க" என்றார்.

"என்னுங்க சாமி?" சடையனுக்குப் புரியவில்லை.

"என்ற தம்பிக்கு இப்படித்தான் வந்துது. இதே வயசு. எங்கப்பன் இந்த எடத்துல வெச்சுத்தான் அடிச்சாரு. பத்து நாளு அடிச்சாரு. பதினோராம் நாளு அவன் கெணத்துல கெடந்தான்." பிரம்பைச் சுவரோரமாகத் தள்ளினார். "இது என்ற கைக்கு அடங்கறது இல்ல. சேலத்துப் பெரியாசுபத்திரியில இதுக்குன்னு டாக்டரு இருக்கறாரு. இப்ப ஊசி மருந்தெல்லாம் வந்திருக்குதாம். துன்னூறு வெச்சு உடறேன். ஆனா அதோட நின்னுக்காதீங்க. மூணு மணி பஸ் இருக்குது, கெளம்புங்க."

சடையன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கந்தம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. மகள் கையிலிருந்த துண்டை அவிழ்த்து, அதாலேயே அவள் முகத்தைத் துடைத்தாள்.

"சௌந்திரம், சேலம் போலாம் வா. நீதான போகோணும்னே?"

"பாத்தியா! நாஞ்சொன்னேன்ல!" என்று அவள் எழுந்து குதித்தாள்.

பஸ்ஸில் ஏறினதிலிருந்து இறங்குகிறவரை பேசினாள். முதலில் ஆட்கள் சிரித்தார்கள். மல்லூர் தாண்டினபோது ஒருவரும் சிரிக்கவில்லை. முன் சீட்டில் இருந்த ஒரு அம்மாள் தன் தோளிலிருந்த குழந்தையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு எழுந்து வந்து, ஒன்றும் சொல்லாமல் கந்தம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இளவயசுக்காரர். சட்டைப் பையில் மசி கசிந்திருந்தது. பெற்றவர்களைப் பார்த்துக் கேட்கவில்லை, பெண்ணைப் பார்த்துத்தான் கேட்டார்.

"உன் பேர் என்னம்மா?"

"சௌந்திரம். உங்க பேனா ஒழுகுது."

"ஆமாம், பார்க்கலையே. உனக்கு உள்ளே எப்படி இருக்கு, சௌந்திரம்?"

அத்தனை நாளில் அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த பேச்சு ஒரு கணம் நின்றது. "வேகமா இருக்குதுங்க" என்றாள். உதடு கோணியது. "நிக்கவே மாட்டீங்குது. எனக்கு நிக்கோணும்."

ஊசி போட்டார்கள். அவள் தூங்கினாள். மறுநாள் முழுக்கத் தூங்கினாள். கந்தம்மாள் கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து மகளின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்கு டாக்டர் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார். "இந்த வயசில்தான் இது தலை காட்டும். நீங்க வளர்த்ததில் தப்பு இல்லை. அவ பேரிலும் தப்பு இல்லை. ஐப்பசியில் படுத்திருந்தாளே, அதுவும் இதுவும் ஒரே வியாதிதான். மாத்திரையை நிறுத்தாதீங்க. தூங்குறாளா, சாப்பிடுறாளான்னு பாருங்க. ரெண்டு நாள் தூக்கம் விட்டுப் போச்சுன்னா உடனே கூட்டிட்டு வாங்க."

"மறுக்காவும் வருமுங்களா?" என்றார் தீர்த்தகிரி.

"வரலாம். வராமலே இருக்கலாம். வந்தாலும் சீக்கிரமாப் பிடிச்சா சீக்கிரமா அடக்கிடலாம். படிக்க வைங்க. கெட்டிக்காரப் பொண்ணு."

கந்தம்மாளின் காதில் "வரலாம்" என்பதற்கு அப்புறம் சொன்னது எதுவும் ஏறவில்லை. சந்தோஷமாக இருந்தபோதுதானே வந்தது? இனிமேல் பிள்ளையை அந்தப் பக்கமே போகவிடக் கூடாது என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

இருபத்துமூன்று நாள் கழித்து சௌந்திரம் ஊர் திரும்பினாள். மருந்தில் முகம் உப்பியிருந்தது. கை லேசாக நடுங்கும். கரண்டியை வாய்க்குக் கொண்டுபோக நேரமாகும். தெருவில் குழந்தைகள் அவளைப் பார்த்தால் இரண்டு கையையும் விரித்து, "பஸ்ஸே நில்லு" என்று விளையாடும். சடையன் மகனுக்கு ராசிபுரத்தில் பெண் பார்த்துவிட்டார்கள். அதை ஒரு வார்த்தை வந்து சொல்லக்கூட இல்லை.

ஆனால் ஆனி மாசம் பள்ளிக்கூடம் திறந்தபோது சௌந்திரம் போனாள். மறுபடியும் அதே பத்தாம் வகுப்பு. கூடப் படித்தவர்கள் மேலே போய்விட்டார்கள். சின்னப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். முதல் நாள் வாசலில் நின்று கால் வராமல் தவித்தபோது கணக்கு வாத்தியார் வெளியே வந்தார்.

"அன்னிக்கு ஒரு கணக்கைப் பாதியில உட்டுட்டுப் போயிட்டியே" என்றார். "அது சரியாத்தான் போட்டிருந்தே. உள்ள வா, மிச்சத்தைப் போடு."

மாசத்துக்கு ஒரு தடவை தீர்த்தகிரி மகளைச் சேலத்துக்குக் கூட்டிப்போனார். மாத்திரை குறைந்தது. முகம் வற்றியது. கை நடுக்கம் நின்றது. ஐப்பசியும் வந்து போனது. பெற்றவர்கள் ஒவ்வொரு நாளையும் பல்லைக் கடித்துக்கொண்டு கடத்தினார்கள். அவள் படுக்கவில்லை.

வியாதி போனது. வீட்டில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. சௌந்திரம் சிரித்தால் வீடு அமைதியாகிவிடும். பள்ளிக்கூடத்தில் நடந்த வேடிக்கையைச் சொல்ல ஆரம்பிப்பாள். பாதியில் அப்பாவின் கை சோற்றோடு நின்றுவிடும். அம்மா முகத்தை ஊன்றிப் பார்ப்பாள். "மெல்ல, மெல்லப் பேசு சாமி" என்பாள். பெருமாயி தெருவிலிருந்தே கேட்டு வருவாள்: "என்ன கந்தா, புள்ள சத்தம் கேட்டுதே, நல்லாத்தான இருக்கறா?" கொஞ்ச நாளில் சௌந்திரம் வேடிக்கை சொல்வதை நிறுத்திவிட்டாள்.

மறுவருஷப் பொங்கலுக்குத் தெருப்பெண்கள் கும்மி அடித்தார்கள். வட்டம் சுற்றிச் சுற்றி வேகம் ஏறியது. கந்தம்மாள் ஓரத்தில் நின்றாள். அவள் கை மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. கும்மி முடிகிறவரை விடவில்லை. முடிந்தபோது மணிக்கட்டில் நாலு விரல் தடம் சிவந்திருந்தது.

மறுநாள் கிழங்குக் குவியலுக்கு முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்து தோல் உரித்தார்கள். சௌந்திரம் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அம்மா, உனக்கு என்ன பயம்னு சொல்லு."

"எனக்கென்ன பயம்? கெழங்கை எடு."

"நான் அழுதா பக்கத்துல வந்து உக்காந்துக்கறே. சிரிச்சா மட்டும் மாத்திரை டப்பாவை எடுத்துட்டு ஓடியாரே. ஊர்ல எல்லாரும் சிரிக்கறாங்க. நாஞ்சிரிச்சா மட்டும் வியாதியா?"

கந்தம்மாள் கிழங்கைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். தோல் போய்ச் சதையையும் சுரண்டினாள். "அன்னிக்கும் சிரிச்சுட்டுத்தான் புள்ள போனே" என்றாள். "நாங்களும் சிரிச்சோம். எம்புள்ள மீண்டுட்டான்னு தேங்காய் முடிஞ்சு வெச்சேன். எட்டு நாளு பாத்துட்டே இருந்தேன், எனக்குத் தெரியலியே. பெத்தவளுக்குத் தெரியலியே. அந்த பஸ் ஒரு பாகம் முன்னால வந்திருந்தா? நான் எதை நம்பறது, சொல்லு?"

சௌந்திரம் அம்மாவின் கையிலிருந்து கிழங்கை வாங்கி வைத்தாள்.

"அது என்ற சிரிப்பு இல்லம்மா. மெரண்டு ஓடற மாட்டுக் கயித்தைக் கையில சுத்திக்கிட்டு இழுபட்டுப் போற மாதிரி. பாக்கறவங்களுக்கு நான் ஓடற மாதிரி தெரியும். நிறுத்தோணும்னு உள்ள நான் கத்திட்டுத்தான் இருந்தேன், ஒருத்தருக்கும் கேக்கல. இப்ப வர்ற சிரிப்பு அப்படி இல்ல. நான் நிறுத்துனா நின்னுக்குது. போன வருசம் பூரா நிறுத்திட்டேதான இருக்கறேன்?"

கந்தம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"டாக்டரு என்ன பாக்கச் சொன்னாரு? தூக்கத்தையும் சோத்தையும் பாக்கச் சொன்னாரு. சிரிப்பைப் பாக்கச் சொல்லலியே? தூங்காட்டி நானே வந்து சொல்றேன். உம்மேல சத்தியமாச் சொல்றேன். நீ அதைப் பாத்துக்க. சிரிப்பை உட்டுரு."

கந்தம்மாள் அடுத்த கிழங்கை எடுத்தாள். கை மட்டும் நடுவில் ஒருமுறை நீண்டு, மகளின் மணிக்கட்டில் தடம் இருந்த இடத்தைத் தடவிவிட்டுப் போனது.

சித்திரை பிறந்தது. பரீட்சை முடிந்து சௌந்திரம் பதினொன்றாம் வகுப்புக்குப் பாசாகியிருந்தாள். பருவம் முடிகிற சமயம். மில்லில் கடைசிக் கிழங்கு ஓடிக்கொண்டிருந்தது. களம் முழுக்க ஜவ்வரிசி. இரண்டு நாள் காய்ந்தாயிற்று, இன்னும் ஒரு பொழுது வெயில் போதும். வானத்தில் ஒரு பஞ்சு மேகம்கூட இல்லை.

மூன்று மணிக்குக் காற்று நின்றது. கரட்டுக் குன்றுக்கு அந்தப்பக்கமிருந்து மையாய்க் கறுத்து ஒரு மேகம் எழும்பியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதி வானத்தை மூடிவிட்டது. களத்தில் எட்டுப் பேர்தான் இருந்தார்கள். புழுதிக் காற்று ஒன்று சுழன்று வந்து கூடைகளை உருட்டிவிட்டது.

"மழை! மழை!" பெருமாயி தலையில் அடித்துக்கொண்டாள். "இத்தனையும் நனஞ்சா கூழாப் போயிருமே!"

வெள்ளியங்கிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். ஆளுக்கு ஒரு மூலையில் வார ஆரம்பித்தார்கள். ஒருவர் வாரினதை இன்னொருவர் மிதித்தார். யார் எங்கே போவது என்று தெரியவில்லை.

தோல் உரிக்கும் கொட்டகையிலிருந்து சௌந்திரம் ஓடி வந்தாள். களத்து நடுவில் நின்று குரல் கொடுத்தாள்.

"பெருமாயக்கா, மூலையை உடுங்க! எல்லாரும் வெளியில இருந்து நடுவுக்குத் தள்ளுங்க, நடு மேடு, தண்ணி நிக்காது! அப்பா, வறுப்புச் சாலையில இருக்கற ஆளுகளையெல்லாம் கூட்டியாங்க! மொதலாளி, தார்ப்பாயை எடுங்க!"

மில்லுக்காரர் மறுபேச்சுப் பேசாமல் தார்ப்பாய்க்கு ஓடினார். நாலு பக்கமிருந்தும் பலகைகள் நடுவை நோக்கி நகர்ந்தன. சௌந்திரம் பாவாடையைச் செருகிக்கொண்டு ஒரு பலகையை இழுத்து ஓடினாள். தீர்த்தகிரியும் சட்டி ஆட்களும் கரியும் மாவுமாக ஓடி வந்து சேர்ந்தார்கள். இடி ஒன்று தலைக்குமேலே உருண்டது. வெள்ளைக் குவியல் இடுப்பு உயரம், மார்பு உயரம் என்று ஏறியது. முதல் துளி சுண்டைக்காய் அளவில் சிமெண்டில் விழுந்து தெறித்தது.

"தார்ப்பாய்! தார்ப்பாய்! புடிங்க எல்லாரும், கீழ உடாதீங்க!"

காற்று தார்ப்பாயைப் பிடுங்கியது. பிடித்திருந்த ஆறு பேரையும் சேர்த்து இழுத்தது. பெருமாயி வழுக்கி விழுந்து, விழுந்தபடியே மூலைக் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டாள். நாலு மூலையிலும் கல் தூக்கி வைத்தார்கள். வைத்து முடித்ததுதான், வானம் உடைந்து கொட்டியது. மழையோடு ஆலங்கட்டியும் சடசடவென்று தார்ப்பாயில் விழுந்து குதித்தது. உள்ளே ஒரு மணி ஜவ்வரிசிகூட நனையவில்லை.

எல்லோரும் மழையில் நின்றபடி ஒருவரையொருவர் பார்த்தார்கள். வெள்ளியங்கிரியின் தலைப்பாகை காலடியில் மிதந்துகொண்டிருந்தது. பெருமாயி இன்னும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள்.

"பெருமாயக்கா, தார்ப்பாய் எங்கீயும் போகாது, எந்திரிங்க!" என்றாள் சௌந்திரம். சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தாள். நிமிர்ந்து, ஒரு ஆலங்கட்டியைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டு, முகத்தை வானத்துக்குத் தூக்கி, கையை விரித்துச் சிரித்தாள்.

களம் அடங்கிவிட்டது. தீர்த்தகிரியின் முகம் வெளுத்தது. எல்லார் கண்ணும் கொட்டகை ஓரத்தில் நின்ற கந்தம்மாளின் பக்கம் திரும்பியது.

"கந்தா" என்றாள் பெருமாயி, மெல்ல எழுந்து வந்து. "புள்ளையைப் பாரு."

கந்தம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கால் தானாக ஓரடி முன்னால் போய்விட்டது. அங்கேயே நின்று மனசுக்குள் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தாள். நேற்று எப்போது படுத்தாள், காலையில் எப்போது எழுந்தாள், மத்தியானம் என்ன சாப்பிட்டாள். மகள் சிரிப்பினூடே அம்மாவைப் பார்த்துவிட்டாள். விரித்த கை இறங்க ஆரம்பித்தது. சிரிப்பும் அடங்கப் போனது.

"காலைல மூணு உருண்டைக் களி தின்னா" என்றாள் கந்தம்மாள், பெருமாயியிடம் சத்தமாக, எல்லாருக்கும் கேட்கும்படி. "அவளை எழுப்பறதுக்குள்ள என்ற தொண்டை காஞ்சு போச்சு. எம்புள்ள நல்லாத்தான் இருக்கறா. சிரிக்கட்டும், உடு."

சேலையை வரிந்து செருகிக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். ஆலங்கட்டி ஒன்று அவள் உச்சந்தலையில் ணங்கென்று விழுந்தது.

"அட கெரகமே!" என்று தலையைப் பிடித்துக்கொண்டாள் கந்தம்மாள்.

முதலில் சிரித்தது தீர்த்தகிரி.